வெளிநாட்டு ஊழியரின் வேலை முடிந்தால் விசாவை ஏன் ரத்து செய்ய வேண்டும்?

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் வெளிநாட்டுச் சமையல்காரர் பாதியில் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் உள்ள விசாவுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பிறகு ஏன் ரத்து?

நாம் வேலை விசா என்று சொல்வது இலங்கையில் வதிவிட விசாவில் ஒரு வகை. ஆளுக்கு மட்டும் கொடுப்பதல்ல அது. இந்த நிறுவனத்தில் இந்த வேலைக்கு என்று, நிறுவனம் கேட்டுக்கொண்டதால் கொடுப்பது. வேலை போனால் அனுமதிக்கான காரணமும் போய்விடும்.

தோட்டத்துக் குவாட்டர்ஸை நினைத்துப் பாருங்கள். கிளார்க் வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும். கொல்லையில் போட்ட லீக்ஸ் இன்னும் முற்றவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது.

வேலை முடிந்த திகதியை எழுதி, பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நிறுவனம்தான் அறிவிக்க வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் சிக்கல் இரண்டு பேருக்கும்தான். வேறு இடத்தில் வேலை கிடைத்தால்? அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல, விசாவில் அச்சிட்ட கடைசித் திகதி வரை எப்படியும் தங்கலாம் என்பது சரியல்ல. அந்தத் திகதி, வேலை தொடர்ந்தால் மட்டுமே செல்லும்.