துண்டு கோணலாக வருவது ஏன்? பேண்ட்சா குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

வளையமாக ஓடும் பட்டைப் பிளேடால் உலோகத்தை அறுக்கும் இயந்திரமே பேண்ட்சா. அதைப் பற்றி வாளையாறு எல்லைக்கு இருபுறமும் உள்ள பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “பிளேடு சரியில்லை” என்றே தொடங்குகின்றன. பிளேடைக் கழற்றுவதற்கு முன் அறுபட்ட முகத்தையும் கீழே விழுந்திருக்கும் துருவலையும் ஒரு நிமிடம் பார்க்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். பழுது எங்கே என்பதை அவையே பெரும்பாலும் காட்டிவிடும்.

கேள்வி (கஞ்சிக்கோடு): 150 மி.மீ. எம்.எஸ். ரவுண்டை (மைல்டு ஸ்டீல் உருளைக் கம்பியை) அறுத்தால் துண்டு 3 மி.மீ. வரை கோணலாக வருகிறது. புதிய பிளேடு மாட்டியும் மாறவில்லை. என்ன செய்வது?

பதில்: புதிய பிளேடிலும் அதே கோணல் நீடிப்பதால் காரணத்தை இயந்திரத்தில்தான் தேட வேண்டும். அடுத்த துண்டை அறுப்பதற்கு முன், வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பிடியில்) இருக்கும்போதே அதன் மேற்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அறுத்த பிறகு அதைச் சமதளப் பலகையில் நிறுத்தி, மூலைமட்டத்தைச் சுற்றிலும் சேர்த்துப் பாருங்கள். கோட்டிலிருந்து நேர் கீழாக, அதாவது பிளேடு இறங்கிய திசையில் கோணல் இருந்தால் பிளேடு சாய்கிறது அல்லது வளைகிறது என்று பொருள். பிளேடு ஓடிய திசையில், பக்கவாட்டில் கோணல் இருந்தால் வைஸின் தாடை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. அதைத் தளர்த்திச் சரிசெய்தால் போதும்.

உங்கள் அளவுக்கு முதல் வகையே இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அறுபட்ட முகத்தின் மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முகம் தட்டையாக இருந்து, ஆனால் சாய்ந்திருந்தால், பிளேடை இருபக்கமும் தாங்கி நேராக ஓடவைக்கும் கைடுகளின் கார்பைடு பட்டைகள் தேய்ந்தோ திரும்பியோ பிளேடைச் சாய்வாகப் பிடித்திருக்கின்றன. பற்களின் மேல் படாமல் மூலைமட்டத்தைப் பிளேடின் உடலோடு சேர்த்து, மேஜையிலிருந்து அளந்தால் அது தெரிந்துவிடும். முகம் தொந்திபோல் வளைந்து, ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால், பிளேடு வெட்டுக்குள் விலகி ஓடியிருக்கிறது. டென்ஷன் (பிளேடின் இழுவிறைப்பு) குறைவு, ஃபீடு (பிளேடு உலோகத்துக்குள் இறங்கும் வேகம்) அதிகம், கைடுகளைத் தாங்கும் கைகளுக்கு இடையே தேவையற்ற தூரம் ஆகிய மூன்றில் ஒன்று அதற்குக் காரணமாக இருக்கும். இவற்றில் கடைசிக் காரணத்தைத்தான் நான் அதிகம் காண்கிறேன். முந்தைய நாள் 250 மி.மீ. வேலைக்கு விரித்துவைத்த கைடு கையை அப்படியே விட்டுவிட்டு 150 மி.மீ. ரவுண்டை அறுப்பார்கள். அந்தக் கை வைஸில் இடிக்காத அளவுக்குப் பொருளை நெருங்கி நிற்க வேண்டும்.

கேள்வி (வேலந்தாவளம்): கேட், கிரில் வேலைக்கு 2 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய் அறுக்கிறோம். 4/6 பிளேடில் வாரத்துக்கொரு முறை பற்கள் உதிர்கின்றன.

பதில்: 4/6 என்றால் ஓர் அங்குலத்தில் 4 முதல் 6 பற்கள், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஏறத்தாழ 4 முதல் 6 மி.மீ. இடைவெளி. 2 மி.மீ. சுவர் அந்த இடைவெளிக்குள் விழுந்து, அடுத்து வரும் பல்லில் மோதி அதைப் பிடுங்குகிறது. எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மெல்லிய குழாயில் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாது என்பதால், 10/14 அல்லது 14/18 பிளேடை மாட்டி, ஃபீடைக் குறைத்து அறுங்கள்.

புதிய பிளேடைப் பழக்காமல் முழு ஃபீடில் இறக்குவதாலும் பற்கள் உதிரும். ஓட்ட வேகத்தைக் குறைக்காமல், ஃபீடை மட்டும் பாதியாக வைத்து முதல் சில துண்டுகளை அறுத்த பிறகு, படிப்படியாக ஏற்றுங்கள். இன்னொன்றும் உண்டு. நான் தொழில் பழகிய காலத்தில், பெரிய ஷாப்ட் ஒன்றைப் பாதி அறுத்த நிலையில் பிளேடு மழுங்கியது. புதியதை மாட்டி, அதே வெட்டுக்குள் இறக்கினேன். மழுங்கிய பிளேடின் வெட்டு குறுகலாக இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. நெருங்கி நெரிந்த பற்கள் ஒரு கையளவு நீளத்துக்கு வரிசையாகப் போயின. பொருளைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாக வெட்டைத் தொடங்குவதே சரி.

கேள்வி (மதுக்கரை): 304 ஸ்டெயின்லெஸ் ராடுக்கு ஃபீடை மிகக் குறைத்து, பொறுமையாகத்தான் அறுக்கிறேன். ஆனாலும் பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது.

பதில்: அந்தப் பொறுமைதான் பிளேடைக் கெடுக்கிறது. 304 உரசினால் இறுகும் உலோகம். வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போகும் பல், தனக்குப் பின்னால் வரும் பல்லுக்குக் கடினமான தோலை விட்டுச் செல்கிறது. ஓட்ட வேகத்தை நிமிடத்துக்கு 30 முதல் 40 மீட்டருக்குள் வைத்து, ஒவ்வொரு பல்லும் உள்ளே இறங்கி வெட்டுமளவுக்கு ஃபீடைக் கூட்டுங்கள். துருவல் பொடியாக விழுந்தால் ஃபீடு போதவில்லை. கனமாக, நீலம் பாரித்து விழுந்தால் மிகுதி. தளர்ந்த சுருளாக விழுவதே வேண்டியது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஞாயிறு விடுமுறை முடிந்து இயந்திரத்தை ஓட்டினால் கூலன்ட் (பிளேடைக் குளிர்விக்கும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) அழுகிய முட்டைபோல் நாறுகிறது.

பதில்: ஹைட்ராலிக், கியர் ஆயில் கசிந்து கூலன்டின் மேல் படலமாகப் படர்ந்து காற்றை அடைப்பதால், காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நாற்றம் அது. படலத்தை வழித்தெடுத்து, விடுமுறை நாளிலும் சிறிது நேரம் பம்பை ஓட்டினால் குறையும். நாற்றம் முற்றிவிட்டால் தொட்டியை முழுதாகக் கழுவி மாற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் எண்ணெய் பிரிந்து திரியும், மழைநீரோ ஆர்.ஓ. நீரோ நல்லது. எப்போதும் தண்ணீரில் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள், எண்ணெயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். அளவு, டப்பாவில் வேறு குறிப்பு இல்லையென்றால், 100 லிட்டருக்கு 5 முதல் 10 லிட்டர்.

பழைய கூலன்டைத் தயவுசெய்து ஓடையில் விடாதீர்கள். கோரையாறும் வாளையாறும் கல்பாத்திப்புழை வழியாகப் பாரதப்புழைக்குத்தான் போகின்றன. பேரலில் சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி (எட்டிமடை): அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள், மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும் இயந்திரம் கைக்கும் ஆபத்து, பிளேடுக்கும் ஆபத்து. பிறகு, பற்கள் உலோகத்தைத் தொடாதபடி பிளேடைத் தாங்கும் வில் சட்டத்தைச் சற்றுத் தூக்கி, பிளேடு முழு வேகம் எடுத்த பின்னரே மெதுவாக இறக்குங்கள்.