பார்ட்டி மட்டும் போதாது, கூடப் போங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரையில் நர்ஸாக இருந்தேன். இப்போது ஐ.நா. தன்னார்வலராக மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் கூட இருக்கும் தன்னார்வலர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லித்தந்த நேபாளத்து அக்கா, தன் குக்கரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கென்யாக்காரர் ஒருவர் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனார். அடுத்த மாதம் என் ஜப்பான் தோழி. ஒவ்வொரு தடவையும் அதே கேக், அதே அழுகை, ஒரு புது வாட்ஸ்அப் குரூப். இப்போது பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். இவனும் போகப்போகிறவன்தானே என்று அவனோடு பழகவே மனம் வரவில்லை. நீங்கள் கம்போடியாவில் தன்னார்வலராக இருந்தவர். எப்படிச் சமாளித்தீர்கள்?

பெயர் வேண்டாம், அண்ணே.

—

அன்புள்ள தங்கைக்கு,

மனசு பலவீனமாகிவிட்டதோ என்று நினைக்காதீர்கள். ஏற்பாடே அப்படி. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் ஆட்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். பயிற்சியும் சேர்த்து 27 மாதம் இருந்துவிட்டு, அந்தக் கூட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்பும். ஜப்பான் அரசு அனுப்பும் தன்னார்வலர்களுக்குப் பொதுவாக 2 வருடம். ஐ.நா. தன்னார்வலருக்குத் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி நீட்டிப்பு. நிதி நின்றுபோனால் அதோடு சரி. ஒரே மேஜையில் சாப்பிடுகிற ஆறு பேருக்கு ஆறு தேதி. போகிறவர் ஒரு தடவை அழுதுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். இருக்கிறவருக்குத்தான் தவணை முறையில் வருகிறது.

எங்கள் கதை இதற்கு நேர்மாறு. ஐ.நா. நடத்திய தேர்தலுக்காக 1992-93இல் நானூறு பேருக்கு மேல் கம்போடியாவின் மாவட்டங்களில் இருந்தோம். 1993 மே மாதம் வாக்குப்பதிவு முடிந்த சில வாரங்களில் கூடாரமே காலி. ஆகவே உங்கள் அளவுக்கு நான் அனுபவித்ததில்லை. ஆனாலும் என் மாவட்டத்தில் என்னோடு இருந்த கானா நாட்டுக்காரர் எனக்குச் சற்று முன்னால் கிளம்பினார். அவர் கிளம்பிய விதம் உங்களுக்கு உதவும்.

பார்ட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி வாரம் முழுக்க, வாக்காளர் பதிவு நடந்த ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பள்ளிக்கூட வாத்தியார், புத்த மடத்துப் பிக்கு, பதிவு எழுதிய பையன்கள் என்று ஒருவர் விடாமல் பார்த்தார். ஒரு ஊரில், தூண்கள்மேல் நிற்கும் மரவீட்டின் படியில் ஒரு கிழவி வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, கானாக்காரர் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "நீ எப்போது போகிறாய், இப்போதே உனக்கும் சேர்த்துக் கட்டிவிடவா என்று கேட்கிறார்." கையை நீட்டினேன். போன இடமெல்லாம் கானாக்காரர், "நான் போகிறேன், இனிமேல் எதுவென்றாலும் இவரிடம் கேளுங்கள்" என்று என்னைக் காட்டினார். அந்த ஊர்களில் பலருக்கு அதுவரை என் பெயரே தெரியாது. அவர் போனதும் எனக்கு வேலை இருந்தது, தேடிவர ஆட்கள் இருந்தார்கள். அழுதுகொண்டு உட்கார நேரம் அதிகம் கிடைக்கவில்லை.

மதுரைப் பக்கத்தாருக்கு இது புதிதா என்ன? அழகர் பூப்பல்லக்கில் ஏறினாலும் நேரே மலைக்குப் போய்விடுவதில்லை. வழியெல்லாம் நின்று, முகம் காட்டித்தான் போகிறார். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிற பையன், முந்தின நாள் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தானே கிளம்புகிறான்? (மறுநாள் வேன் பிடித்து மதுரை ஏர்போர்ட் வாசல்வரை பாதி ஊர் வருவது வேறு கதை.)

தன்னார்வலர் பார்ட்டிகளில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடைகொடுத்து, கட்டிப்பிடித்து அழுவார்கள். கூடவே வேலை பார்த்த உள்ளூர் நர்ஸ், டிரைவர், வாட்ச்மேன் ஆகியோருக்குத் திங்கட்கிழமை நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். உங்கள் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக இருக்கும் மலாவி நர்ஸ்கள் உங்களைவிட எத்தனையோ பேரை வரவேற்று அனுப்பியிருப்பார்கள். இதெல்லாம் எப்படித் தாங்குகிறது என்று என்னிடம் கேட்பதைவிட அவர்களிடம் கேட்கலாம். வாட்ஸ்அப் குரூப்பை நம்பாதீர்கள். ஆறு மாதத்தில் அதில் குட்மார்னிங் பூங்கொத்து மட்டும்தான் வரும்.

அந்தக் கென்யாக்காரர்மேல் கோபப்பட வேண்டாம். 1993 ஏப்ரல் 8 அன்று, கம்போங் தோம் மாகாணத்தில் எங்களைப் போலவே தேர்தல் வேலை பார்த்த ஜப்பான் தன்னார்வலர் நகாதா அட்சுஹிதோவையும் அவருடைய கம்போடிய மொழிபெயர்ப்பாளரையும் சுட்டுக் கொன்றார்கள். நகாதாவுக்கு வயது 25. அதற்குப் பிறகு சிலர் விலகிப் போனார்கள். ஏன் போனாய் என்று அவர்களை நான் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை யாருக்கும் இல்லை என்பதே இன்றும் என் எண்ணம். உங்கள் கென்யாக்காரருக்கு என்ன நெருக்கடியோ. காரணம் கேட்காமல், வார்டு செய்தியோடு நாலு வரி எழுதுங்கள். அவர் சொல்லாமல் விட்டுப்போன இடங்களுக்கு நீங்கள் போய், "அவர் ஊருக்குப் போய்விட்டார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். யாராவது இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஜப்பான் தோழி விஷயத்தில் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. அவர் யார் யாரையெல்லாம் பார்க்க வேண்டுமோ, இப்போதே உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். சுற்றிவரும்போது நீங்களும் கூடப் போங்கள். அப்புறம், அந்தப் பிலிப்பைன்ஸ் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நேபாளத்து அக்கா உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொல்ல இப்போது உங்களை விட்டால் ஆள் இல்லை. கிராமங்களுக்குத் தடுப்பூசி நாளாகப் பார்த்துப் போனால் தாய்மார்களை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம், ஒவ்வொரு வீடாக அலைய வேண்டியதில்லை.