1851-இல் இருந்த பண்ணை இன்றைய வரைபடத்தில் ஏன் இல்லை?

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்ஆர்டில் பள்ளத்தாக்கிலுள்ள கிர்க்மைக்கேல் பாரிஷில் (தேவாலய வட்டாரத்தில்) பண்ணையாட்கள். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள பண்ணைப் பெயர் ஞானஸ்நானப் பதிவில் வேறு எழுத்துகளில் இருக்கிறது. இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரே இல்லை. எது சரியான பெயர், இடம் எங்கே?

பதில்: முதலில் எந்தக் கிர்க்மைக்கேல் என்று பாருங்கள். பெர்த்ஷயர், பான்ஃப்ஷயர், அயர்ஷயர், டம்ஃப்ரீஸ்ஷயர் ஆகிய நான்கு கவுண்டிகளிலும் அந்தப் பெயரில் பாரிஷ் உண்டு. பலர் தடம் மாறுவது இங்கேதான். உங்கள் குறிப்பில் ஸ்ட்ராத்ஆர்டில் பள்ளத்தாக்கு வருவதால், உங்களுடையது பெர்த்ஷயர்.

அடுத்து, பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே நில அளவைத் துறை வரைபடத்திற்காக இடப்பெயர்களைத் திரட்டி எழுதிய பெயர்ப் புத்தகங்களுக்குப் போங்கள். பெர்த்ஷயருக்கு அவை 1859 முதல் 1862 வரை எழுதப்பட்டவை. மூலப் பிரதிகள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இணையத்திலும் படங்களாகப் பார்க்கலாம். (இங்கிலாந்தின் புத்தகங்களில் பெரும்பகுதி 1940-இல் சவுத்தாம்ப்டன் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.)

பக்கத்தைத் திறந்ததும் எல்லோரும் வரைபடத்திற்குத் தேர்வான முதல் நெடுவரிசைப் பெயரை எழுதிக்கொண்டு மூடிவிடுவார்கள். நீங்கள் அடுத்த இரண்டு நெடுவரிசைகளில் நேரம் செலவிடுங்கள். ஒன்றில் வழக்கிலிருந்த மாற்று எழுத்துகள். இன்னொன்றில் ஒவ்வொன்றையும் யார் சொன்னார்கள் என்பது. நிலவுடைமையாளர், எஸ்டேட் மேலாளர், போதகர், பள்ளி ஆசிரியர், குத்தகை விவசாயி என்று ஒரு பெயருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று சாட்சிகள் இருப்பார்கள். நிலவுடைமையாளர் தரப்பின் சொல்லுக்கே எடை அதிகம். அங்கே அன்று கேலிக் (Gaelic) மொழி பேசப்பட்டது. அளவையாளர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே அச்சான எழுத்து அலுவலக முடிவுதானே தவிர, அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் உச்சரித்த விதம் என்று கொள்ள முடியாது. ‘எது சரி’ என்று கேட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். ஒவ்வொரு வடிவத்தையும் ஆண்டு, ஆவணம், சொன்னவர் ஆகிய விவரங்களோடு குறித்துவையுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் அதே காலத்து ஆறு அங்குல வரைபடத்தை (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது) இன்றைய வரைபடத்தின் மேல் ஏற்றிப் பாருங்கள். பெயர் கிடைக்காவிட்டால் கணக்கெடுப்புத் தாளில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வீடுகளைத் தேடுங்கள்; கணக்கெடுப்பாளர் பொதுவாக வீடுவீடாகத்தான் நடந்திருப்பார். ஜேம்ஸ் ஸ்டோபி 1783-இல் வெளியிட்ட பெர்த்ஷயர் வரைபடமும் அங்கேயே இருக்கிறது.

1851-க்கும் அளவைக்கும் இடையில் பண்ணை பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்திருக்கலாம். அதைச் சோதிக்க 1855 வரி மதிப்பீட்டுப் பதிவேடு உதவும். அதில் பண்ணை, உரிமையாளர், குத்தகைக்காரர் பெயர்கள் வரும். ஆனால் ஆண்டு வாடகை நான்கு பவுண்டுக்குக் குறைவான வீட்டில் குறுகிய காலத்துக்குக் குடியிருந்தவர்களை அதில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் முன்னோர் பண்ணையாட்கள் என்பதால் அவர்கள் பெயரைத் தேடாமல் பண்ணையின் பெயரைத் தேடுங்கள்.