பூச்சி மாத்திரை கொடுத்தும் பூச்சி ஏன்?

கே: பிப்ரவரியில் அங்கன்வாடியில் என் 4 வயது மகனுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஜூனில் மலத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் புழு வந்தது. மாத்திரை சரியில்லையா?
– வாசகி, வியாசர்பாடி

ப: மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டாம், அநேகமாக மறுபடி தொற்றியிருக்கிறது. அல்பெண்டசோல் 400 மி.கி. அன்றைக்குக் குடலில் இருக்கும் உருண்டைப்புழுக்களைத்தான் தீர்க்கும். அடுத்த வாரம் வாய்க்குள் போகும் முட்டையைத் தடுக்காது. விழுங்கிய முட்டை பொரிந்து, நுரையீரல் வரை சுற்றிக் குடலுக்குத் திரும்பி, வளர்ந்த புழுவாக 2, 3 மாதம் ஆகும். ஆகஸ்டில் மறுபடி மாத்திரை கொடுக்கும் முகாம் வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் கடும் வலியும் இருந்தால் குடலடைப்பாக இருக்கலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். (இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பது மிட்டாய் மேல் போடும் வீண்பழி.)

கே: மழைக்கு எங்கள் தெருவில் செப்டிக் டேங்க் பொங்கியது. ப்ளீச்சிங் பவுடர் தூவினால் போதுமா?
– வாசகர், ஆவடி

ப: போதாது. குளோரின் காலரா போன்ற கிருமிகளைக் கொல்லும். உருண்டைப்புழு முட்டையின் தடித்த ஓட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பெண்புழு நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். வெளியே வந்த உடனே அவை தொற்றாது. ஈரமண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆகவே தண்ணீர் வற்றி, தெரு பார்க்கச் சுத்தமாகி, பிள்ளைகள் மறுபடி மண்ணில் விளையாடும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். சேறு காய்வதற்கு முன்பே, கையுறையும் பூட்ஸும் அணிந்து மண்வெட்டியால் வழித்து அகற்றுங்கள்; காய்ந்தபின் பெருக்கினால் தூசியோடு பறக்கும். சோப்பு முட்டையைக் கொல்லாது, ஆனால் கையிலிருந்து கழுவிவிடும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

டேங்கைக் கவனியுங்கள். முட்டைகள் அடிக்கசடில்தான் படிகின்றன. கசடு ஏறினால் கழிவுநீர் தங்கிப் படிய நேரம் இருக்காது. முட்டைகள் வெளிக்குழாய் வழியே போய்விடும். அந்தக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருந்தால் ஊருக்கே விநியோகம்! 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சுங்கள். ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் வேறு லாரி பாருங்கள்.

கே: மகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு. இதுவும் மண்ணால்தானா?
– வாசகி, மதுரை

ப: இல்லை, பெரும்பாலும் கீரிப்பூச்சி. இதன் முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும்; விரல், படுக்கை வழியே வீடு முழுக்கப் பரவும். மருத்துவரிடம் கேட்டு எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை போட்டு, 2 வாரம் கழித்து மறுபடி போடுங்கள்; மாத்திரை முட்டையை அழிக்காது. காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, விரிப்பை உதறாமல் சுருட்டி வெந்நீரில் போடுங்கள்.