அமெரிக்கக் கேரவன் காரைக்குடிப் பக்கம் சரிப்படுமா?

அமெரிக்காவில் மகன் வைத்திருப்பது போன்ற கேரவனை, அதாவது படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டியை, செட்டிநாட்டில் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் 45 அடி நீள வண்டிகூட உண்டு. கானாடுகாத்தான் தெருமுனையில் அது திரும்பவே திணறும்.

அதைவிட முக்கியம் கதவு. அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், ஏறி இறங்கும் கதவும் வலப்பக்கமே இருக்கும். இங்கே அதைத் திறந்து ஆச்சி கால் வைத்தால் நடுரோடு, எதிரே பஸ்! அப்புறம் மின்சாரம்: அங்கே 120 வோல்ட், இங்கே 230.

நமக்குத் தோது ஜப்பானின் குட்டி கேரவன் அளவுதான். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், 660 சிசி எஞ்சின். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.