மனசுல எட்டு, கையில அஞ்சு

கேள்வி: டீச்சர், என் பொண்ணு 2ம் கிளாஸ். 8+5 எவ்வளவுன்னு கேட்டா விரல் விட்டுத்தான் எண்ணுறா. கிளாஸ்ல விரல் விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னு இப்ப பெஞ்சுக்கு அடியில கையை வச்சு எண்ணுறாளாம். அதுலயும் ஒரு தடவை 12, ஒரு தடவை 13. இதை எப்படி நிறுத்துறது?
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: நிறுத்தவே வேணாம்மா, முதல்ல கையை மேல எடுத்து வைக்கச் சொல்லுங்க. எண்ணும்போது பக்கத்துல உக்காந்து பாருங்க, எட்டு விரலை நீட்டிட்டு அஞ்சுக்கு விரல் பத்தாம முழிக்கிறாளா, இல்ல நாமெல்லாம் படிச்ச மாதிரி "மனசுல எட்டு, கையில அஞ்சு"ன்னு போறாளா? 12 வருதுன்னா எனக்கென்னவோ ரெண்டாவதுதான்னு தோணுது. முதல் விரலை மடக்கும்போதே "எட்டு"ன்னு ஆரம்பிச்சிருப்பா, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்னு, பன்னெண்டு, அஞ்சு விரலும் முடிஞ்சுபோச்சு. நெஞ்சைத் தொட்டு "எட்டு"ன்னு சொல்லிட்டு அப்புறம் முதல் விரலுக்கு "ஒன்பது"ன்னு சொல்லச் சொல்லுங்க, இந்தக் குழப்பம் சீக்கிரமே போயிடும். 3+9னு கேட்டாலும் ஒன்பதைத்தான் மனசுல வைக்கணும்னு பழக்கிடுங்க.

விரல் விடுறது தானா குறையணும்னா பத்தாக்கத் தெரியணும். 9க்கு 1, 8க்கு 2, 7க்கு 3, 6க்கு 4, 5க்கு 5, இந்த ஜோடி தூக்கத்துல கேட்டாலும் வரணும். பத்து புளியங்கொட்டை எடுத்துக்கோங்க, கொஞ்சத்தை உள்ளங்கையில மூடிக்கிட்டு மீதியை தரையில போட்டு "கையில எத்தனை?"ன்னு கேளுங்க, அடுத்த ஆட்டம் அவ மூடட்டும் நீங்க சொல்லுங்க, வேணும்னே தப்பா சொல்லிப் பாருங்க, என்னா சந்தோஷமா திருத்துவாங்க தெரியுமா. அப்புறம் சாக்பீஸால மேல அஞ்சு கீழ அஞ்சுன்னு கட்டம் போட்டு எட்டு கட்டத்துல கொட்டை வைங்க. ரெண்டு கட்டம் காலியா இருக்கிறது எண்ணாமலே தெரியும். வெளியில இருக்கிற அஞ்சுல ரெண்டு போய் அதை அடைச்சிரும், மிச்சம் மூணு, பத்தும் மூணும் பதிமூணு. கொஞ்ச நாள் போனதும் வெறும் கட்டத்தை மட்டும் பாத்துச் சொல்லட்டும், அதுக்கப்புறம் கண்ணை மூடிக்கிட்டு.

6+7 மாதிரி வந்தா அவ்வளவுகூட வேணாம், ஆறும் ஆறும் பன்னெண்டு, இன்னும் ஒன்னு.

கேள்வி: 3ம் வகுப்பு எடுக்கிறேன். அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல (சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித் தர்றது) அரும்பு, மொட்டு தாண்டி மேல இருக்கிற மலர் நிலைக்கு வந்த பிள்ளைங்ககூட 27+35ஐ நோட்ல சரியா போடுறாங்க, வாய்க்கணக்கா கேட்டா காத்துல விரலால எழுதிப் பாக்குறாங்க. என்ன பண்ணலாம்?
- அரசுப் பள்ளி ஆசிரியர், அறந்தாங்கி

பதில்: அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான் சார். மேல கீழ போட்டுக் கூட்டுறது பேப்பருக்குத்தான் சரிப்படும், 7ம் 5ம் 12, 2ஐ எழுதி மீதி 1னு பத்தாம் இடத்துக்குப் போறதுக்குள்ள மனசுல எழுதின அந்த 2 காணாமப் போயிடும். வாய்க்கணக்குக்கு பெரிய இடத்துலேர்ந்து வரணும். 27ஐ உடைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும், அதுல 30ஐ சேத்தா 57, இன்னும் 5 பாக்கி, மூணு போட்டா 60, ரெண்டு போட்டா 62. போர்டுல எண் எதுவும் எழுதாத ஒரு கோடு போட்டு 27லேர்ந்து ஒரு பெரிய தாவல், ரெண்டு சின்னத் தாவல்னு காட்டுங்க, அதுவும் பழைய பத்தாக்குறதுதான்னு அவங்களே சொல்லிருவாங்க. 49+26 வந்தா 26லேர்ந்து ஒன்னை எடுத்து 49க்குக் கொடுத்தா 50ம் 25ம் 75, மளிகைக்கடை அண்ணாச்சி போடுற கணக்கு.

விடை வந்ததும் "சரி"ன்னு விட்டுட்டு அடுத்த பிள்ளைக்குப் போகாம "எப்படிப் போட்டே?"ன்னு கேளுங்க. ஒருத்தன் 20ம் 30ம் 50, 12ம் சேத்து 62ம்பான், இன்னொருத்தி 35லேர்ந்து கிளம்புவா. எல்லாமே இருக்கட்டும், இதுதான் சரியான வழின்னு ஒன்னை மட்டும் நோட்ல எழுதிப் போடச் சொல்லிட்டீங்கன்னா பழையபடி காத்துல எழுத ஆரம்பிச்சிடுவாங்க.

கேள்வி: பையன் 1ம் கிளாஸ், அபாகஸ்ல சேத்து விடலாமா?
- ஒரு அப்பா, ஓசூர்

பதில்: பணம் இருந்து அவனுக்கும் ஆசையா இருந்தா சேருங்க, அவசரம் ஒன்னும் இல்ல. அங்க கம்பியில மணி கோத்த சட்டத்துலதான் கணக்கு, 8ஐ கூட்ட மணி பத்தலைன்னா பத்தைக் கூட்டி ரெண்டைக் கழிக்கச் சொல்லுவாங்க, எட்டுக்கு ரெண்டு ஜோடின்னு தெரியாத பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடம். முதல்ல புளியங்கொட்டை விளையாடுங்க சார்.