வேக்குவம் கிளீனர் வாங்கும் முன்: நிறுவனத்தின் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம்? (கேள்வி பதில்)

வேக்குவம் கிளீனர்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பதே என் தொழில். எந்த நிறுவனத்தின் இயந்திரம் நீடித்து உழைக்கும் என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். எந்த நிறுவனம் மிகவும் நம்பகமானது?

ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால் மீலே என்பேன். 1899இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், தன் சாதனங்கள் பலவற்றை இருபது ஆண்டுப் பயன்பாட்டுக்கு ஈடாக ஓட்டிச் சோதிப்பதாகக் கூறுகிறது. என் மேசைக்கு வரும் அவர்களுடைய பழைய இயந்திரங்களைப் பார்க்கும்போது அது வெறும் விளம்பரப் பேச்சாகத் தெரியவில்லை. அதே நாட்டைச் சேர்ந்த சேபோ, பிரிட்டனின் நூமேட்டிக் ஆகியவற்றையும் அதே வரிசையில் வைப்பேன். நூமேட்டிக்கின் ஹென்றி என்ற சிரித்த முகம் வரைந்த இயந்திரத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மேல்மூடியைத் திறந்தால் மோட்டாரும் சுவிட்சும் மின்கம்பி சுற்றும் உருளையும் தனித்தனியாகக் கழன்று வரும். கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் மூடிவிடலாம்.

ஆனால் இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் வாழும் இடத்தில் அந்த நிறுவனத்துக்குப் பழுதுபார்க்கும் மையம் இருக்கிறதா, அந்த மாடலுக்கான பை, ஃபில்டர், குழாய் ஆகியவை தனியாகக் கிடைக்கின்றனவா என்பதை முதலில் விசாரியுங்கள். மிகச் சிறந்த இயந்திரமாகவே இருந்தாலும், குழாய் கிழிந்த பிறகு மாற்றுக் குழாய் கிடைக்கவில்லை என்றால் அது வீட்டின் மூலையில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் நடுத்தர நிறுவனத்தின் இயந்திரம், உதிரிபாகமே கிடைக்காத உயர்தர நிறுவனத்தின் இயந்திரத்தைவிட அதிக ஆண்டுகள் உழைப்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

கேள்வி: என் அம்மா பயன்படுத்திய ஹூவர் இயந்திரம் பல ஆண்டுகள் உழைத்தது. அதே பெயரை நம்பி இப்போதும் வாங்கலாமா?

உங்கள் அம்மா வாங்கிய ஹூவரும் இன்று கடையில் இருக்கும் ஹூவரும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவர் உருவாக்கி 1908இல் காப்புரிமை பெற்ற, எடுத்துச் செல்லக்கூடிய மின்சாரத் துப்புரவுக் கருவியின் உரிமையை வில்லியம் ஹூவர் வாங்கியதிலிருந்து அந்தப் பெயரின் வரலாறு தொடங்குகிறது. பிற்காலத்தில் அந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்தது. ஐரோப்பிய உரிமை 1995இல் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்குப் போய், கேண்டியைச் சீனாவின் ஹையர் நிறுவனம் வாங்கியபோது அதோடு சேர்ந்து கைமாறியது. வட அமெரிக்க உரிமை 2007இல் ஹாங்காங்கைச் சேர்ந்த டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் வசம் வந்தது. இரண்டு கண்டங்களில் ஒரே பெயரில் விற்கப்படும் இயந்திரங்களுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் இருக்கின்றன.

இது ஹூவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. யுரேகா என்ற பழைய பெயரை 2016இல் எலக்ட்ரோலக்ஸிடமிருந்து மிடியா வாங்கியது. பிலிப்ஸ் தன் வீட்டுச் சாதனப் பிரிவை 2021இல் விற்றுவிட்டது; அந்தப் பிரிவு இன்று வெர்சூனி என்ற நிறுவனமாக இயங்கி, உரிமம் பெற்று பிலிப்ஸ் பெயரைப் பயன்படுத்துகிறது. கைமாறியதாலேயே தரம் கெட்டுவிட்டது என்று சொல்லவரவில்லை. பழைய அனுபவத்தைப் புதிய இயந்திரத்துக்குச் சான்றாக வைக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. உத்தரவாத அட்டையில் எந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். இயந்திரம் கெட்டால் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: ஒரு பெட்டியில் 2000 வாட் என்றும் இன்னொன்றில் 800 வாட் என்றும் போட்டிருக்கிறது. 2000 வாட் இயந்திரம்தானே நன்றாக உறிஞ்சும்?

அவசியமில்லை. பெட்டியில் உள்ள வாட் எண் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் குறிக்கிறது. அதில் எவ்வளவு உறிஞ்சுதலாக மாறுகிறது, எவ்வளவு வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாகிறது என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இந்த அளவுக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்து, 2017இல் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அப்போது, இனி வீடு சுத்தமாகாது என்று பலர் அஞ்சினார்கள். நல்ல நிறுவனங்களோ காற்று செல்லும் பாதையையும் தரையைத் தொடும் முனையையும் திருத்தியமைத்து, குறைந்த மின்சாரத்திலேயே அதே வேலையைச் செய்யும் இயந்திரங்களைக் கொண்டுவந்துவிட்டன.

பாஸ்கல் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரங்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். குழாயின் வாயை முழுவதுமாக அடைத்துவிட்டு, காற்றே ஓடாத நிலையில் அளக்கப்படும் அழுத்தம் அது. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகின்ற காற்று. அழுத்தம், காற்றோட்டம் இரண்டும் சேர்ந்த பெருக்கத்தொகையைத்தான் ஏர் வாட் என்கிறோம். அந்த எண்ணை வெளிப்படையாகத் தரும் நிறுவனத்தின் மீது எனக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அந்த எண்ணும்கூட காலியான பையுடனும் புதிய ஃபில்டருடனும் அளக்கப்பட்டதாகவே இருக்கும். பை பாதி நிறைந்த பிறகும் இயந்திரம் எப்படி இழுக்கிறது என்பதில்தான் நல்ல வடிவமைப்பு வெளிப்படும்.

கேள்வி: என் மகனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. பை உள்ளது நல்லதா, பை இல்லாதது நல்லதா? ஹெப்பா என்று எழுதியிருந்தால் போதுமா?

உங்கள் வீட்டுக்குப் பை உள்ள இயந்திரத்தையே பரிந்துரைக்கிறேன், தயக்கமின்றி. பை இல்லாத இயந்திரத்தில் தூசிக் கலனைத் திறந்து குப்பைத்தொட்டியில் கொட்டும்போது நுண்ணிய தூசி மேலெழும்பி முகத்தருகே வருவதை, சன்னலோரம் வெயிலில் வைத்துக் கொட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். பையாக இருந்தால் வாயை மூடும் தகட்டை இழுத்து அப்படியே எறிந்துவிடலாம். பைக்குத் தொடர்ந்து செலவு செய்ய வேண்டும் என்பது உண்மை. ஆனால் இன்றைய செயற்கை இழைப் பைகள் முதல் ஃபில்டராகவே வேலை செய்து மோட்டாரையும் காப்பாற்றுகின்றன.

மிக நுண்ணிய துகள்களையும் தடுக்கும் ஃபில்டரைக் குறிக்கும் ஹெப்பா என்ற வார்த்தை மட்டும் போதாது. ஐரோப்பியத் தரவரிசையில் ஹெச்13 என்றால், ஃபில்டரில் மிக எளிதாக நுழைந்துவிடக்கூடிய அளவுள்ள துகள்களிலேயே 99.95 சதவீதம் தடுக்கப்பட வேண்டும். அமெரிக்க வழக்கத்தில் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதம். "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் இந்த இரண்டில் எதற்கும் அந்த நிறுவனம் பொறுப்பேற்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் தூசி ஃபில்டரைத் தொடாமலே பக்கவாட்டில் கசிந்து வெளியேறும். இதை நீங்களே சோதிக்கலாம். இரவில் அறையை இருட்டாக்கி, இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று வெளியேறும் இடத்தின் மீதும் மூடி பொருந்தும் இடுக்குகளின் மீதும் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். தரையில் சிறிதளவு மாவுபோன்ற பொடியைத் தூவி உறிஞ்சச் செய்யும்போது, ஒளிக்கற்றையில் புதிதாகப் புகைபோல ஏதாவது மிதந்தால் அந்த இடுக்கு கசிகிறது. இயந்திரம் முழுவதும் காற்றுப் புகாதவாறு மூடப்பட்டது என்று விவரக்குறிப்பிலேயே எழுத்துப்பூர்வமாகச் சொல்லும் மாடலைத் தேடுங்கள். சுத்தம் செய்யும்போதும் அதன் பிறகு சிறிது நேரமும் மகன் அந்த அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தகைய இயந்திரமானாலும் அதன் முனையும் சக்கரமும் தரையிலுள்ள தூசியைக் கொஞ்சம் கிளப்பத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு வருடத்துக்குள் என் இயந்திரம் தீய்ந்த வாடையோடு நின்றுவிட்டது. மோசமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா?

அதற்குள் நிறுவனத்தைக் குறை சொல்ல வேண்டாம். சமீபத்தில் வீட்டில் சுவர் உடைத்தல், டைல்ஸ் வெட்டுதல் போன்ற வேலைகள் நடந்தனவா?

(அதே வாசகர்: ஆம் ஐயா. சுவரில் துளையிட்ட பிறகு வந்த சிமெண்ட் தூசியை அதில்தான் எடுத்தேன்.)

அப்படியென்றால் காரணம் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. சிமெண்ட், ஜிப்சம் தூசி மிக நுண்ணியது. அது ஃபில்டரின் துளைகளில் படிந்து, தட்டினாலும் உதிராத சாம்பல்நிறப் பட்டையாகிவிடும். வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும், மோட்டாரைக் குளிர்விப்பதும் உறிஞ்சப்பட்டு வரும் அதே காற்றுதான். காற்று நின்றால் மோட்டார் சூடாகும். முதலில் வெப்பக் காப்புச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் ஓடும். அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் மோட்டாரின் சுருள் கருகிவிடும்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. மின்கம்பியில் இயங்கும் சாதாரண மோட்டார்களில், சுழலும் செம்புத் தகடுகளை உரசிக்கொண்டு இரண்டு சிறிய கரித்துண்டுகள் இருக்கும். கார்பன் பிரஷ் என்பது அதுதான். உள்ளே தூசி புகுந்தால் அவை வேகமாகத் தேய்ந்து, நீலப் பொறியும் கருகிய வாடையும் வரும். சுருள் கருகியிருக்காவிட்டால் கார்பன் பிரஷை மட்டும் மாற்றினாலே இயந்திரம் உயிர்பெறும். புதிதாக வாங்கும் முன் பழுதுபார்ப்பவரிடம் இதைக் கேளுங்கள். கட்டட வேலைத் தூசிக்கு எம் வகுப்பு என்று குறிக்கப்பட்ட தொழில்முறை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே சரி. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கும் கேடு.

கேள்வி: கம்பியில்லா இயந்திரங்களில் எந்த நிறுவனம் நீடிக்கும்?

நிறுவனத்தின் பெயருக்கு முன், பேட்டரியை ஒரு பொத்தானை அழுத்தியோ சில திருகுகளைக் கழற்றியோ நீங்களே மாற்ற முடியுமா என்று பாருங்கள். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவு குறைவது இயல்பு. எந்த நிறுவனமும் அதற்கு விலக்கல்ல. பேட்டரி உடலோடு ஒட்டப்பட்டிருந்தால், மோட்டார் நல்ல நிலையில் இருக்கும்போதே இயந்திரத்தின் ஆயுள் முடிந்துவிடும். டைசன் உட்படப் பல நிறுவனங்கள் கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ள மாடல்களைத் தருகின்றன. விளம்பரத்தில் சொல்லும் அறுபது நிமிடம் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்துக்கு உரியது. அதிவேகத்தில் பல இயந்திரங்கள் பத்து நிமிடத்தை ஒட்டியே ஓடும். தரைவிரிப்புகள் நிறைந்த பெரிய வீட்டுக்கு இதை மட்டுமே நம்பி வாங்க வேண்டாம்.

கேள்வி: தானாக ஓடும் ரோபோ வாங்கலாமா?

அன்றாட மேல்தூசிக்கு வாங்கலாம். முழுச் சுத்தத்துக்கு அது மாற்றாகாது. செயலியும் நிறுவனத்தின் சர்வரும் இல்லாமலே, உடலில் உள்ள பொத்தானை அழுத்தி ஓட்ட முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் குவிந்திருக்கின்றன. அவற்றை நம்பலாமா?

பெரும்பாலான மதிப்புரைகள் வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படுபவை. புதிய இயந்திரம் எல்லாமே நன்றாகத்தான் இழுக்கும். நான் ஒரு மாடலை ஆராயும்போது, வாங்கி ஓராண்டுக்குப் பிறகு எழுதப்பட்ட ஒன்று, இரண்டு நட்சத்திர மதிப்புரைகளை மட்டும் எடுத்து, எந்தப் பாகம் கெட்டது என்று பார்ப்பேன். வெவ்வேறு புகார்களாக இருந்தால் கவலையில்லை. ஒரே கொக்கி, ஒரே பெல்ட், ஒரே குழாய் மூட்டு திரும்பத் திரும்ப வந்தால் அது வடிவமைப்புக் குறை.

இதைவிட நல்ல வழி, விளம்பரம் பெறாத நுகர்வோர் அமைப்புகளின் அறிக்கைகள். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்சூமர் ரிப்போர்ட்ஸ், பிரிட்டனில் 1957இல் தொடங்கிய விச் ஆகியவை ஆய்வகச் சோதனையோடு நில்லாமல், உறுப்பினர்களிடம் எந்த நிறுவனத்தின் இயந்திரம் எத்தனை ஆண்டில் பழுதானது என்றும் கேட்டுத் தொகுக்கின்றன. ஜெர்மனியின் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் இயந்திரங்களை நீண்ட நேரம் ஓட்டித் தாங்குதிறனைப் பார்க்கிறது. உங்கள் நாட்டில் விற்கும் மாடல் எண்ணும் அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்கிறார்களே, அது நம்பகத்தன்மைக்கு அடையாளம்தானே?

ஓரளவுக்கு. அந்த உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, கழற்றி மாட்டும் கூலியும் அதில் அடங்குமா, குழாய்க்கும் சுவிட்சுக்கும் எத்தனை ஆண்டு என்று பிரித்துக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியே மோட்டார் 500 மணி நேரமாவது ஓட வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்த பிறகும் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டும் வீட்டில் 500 மணி என்பது ஒன்பது ஆண்டுக்கு மேல் வரும். ஆகவே ஒழுங்காகச் செய்யப்பட்ட மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் தருவதில் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பில்லை. வழக்கமாக முதலில் உடைபவை குழாயின் கைப்பிடி மூட்டு, மின்கம்பி சுற்றும் உருளை, மூடியின் கொக்கி ஆகியவை. கடையில் வைத்தே கம்பியை முழுவதும் இழுத்துத் திரும்பச் சுற்றவிடுங்கள், மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள், குழாயைக் கைப்பிடியருகே நன்றாக வளைத்துப் பாருங்கள். இதற்கு அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: நல்ல நிறுவனத்தின் பழைய இயந்திரம் ஒன்று கைமாற்றாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பையும் ஃபில்டரும் இன்னும் விற்பனையில் இருந்தால் வாங்கலாம். ஓடவிட்டு, கீச்சென்ற சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஈரவாடை வந்தால் யாரோ தண்ணீரை உறிஞ்சியிருக்கிறார்கள். ஈரத்துக்கென்று செய்யப்படாத இயந்திரமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் புதிய ஃபில்டர், புதிய பை, தேவைப்பட்டால் கார்பன் பிரஷ் ஆகியவற்றுக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள்.